வாசகர் கேள்வி பதில்: மேசைப்பந்தாட்டமும் மட்டைத் தேர்வும்

மேசைப்பந்தாட்டத்தைப் பொழுதுபோக்காகத் தொடங்கிப் பின்னர் அதில் தீவிரமாகிவிட்ட வாசகர்களிடம் இம்முறை கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவை சொற்பம். மட்டையைப் பற்றிக் கேட்டவையே மிகுதி. அதில் வியப்பில்லை. கடையில் விலைக்குக் கிடைப்பது மட்டை ஒன்றுதானே. புதியவர்களுக்காக ஒரு வரி: பிளேடு என்பது மட்டையின் பிடியோடு கூடிய மரப்பகுதி; அதன் இரு பக்கமும் ஒட்டும் ரப்பர், ஒரு மேல்தோலும் அதனடியில் ஸ்பாஞ்சும் சேர்ந்தது.

கேள்வி: எனக்கு வயது 43. வங்கியில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மனமகிழ் மன்றத்தில் ஆடத் தொடங்கினேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறேன். ரெடிமேட் மட்டையோடு ஆடிய முதல் ஆண்டில் இருந்த முன்னேற்றம் பிறகு இல்லை. நண்பர் ஒருவரின் யோசனைப்படி கார்பன் பிளேடும், இரு பக்கமும் டெனர்ஜி ரப்பருமாக இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து வாங்கினேன். வேகம் கூடியது, ஆனால் பந்து மேசையைத் தாண்டிப் போகிறது. எதிராளியின் செர்வை எடுத்தால் பந்து எகிறிவிடுகிறது. பிளேடை மாற்றுவதா, ரப்பரை மாற்றுவதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிளேடையும் மாற்றுங்கள், ரப்பரையும் மாற்றுங்கள், மாற்றிய பின் ஓராண்டுக்கு எதையுமே மாற்றாதீர்கள். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

கார்பன் பிளேடு என்பது முழுவதும் கார்பனால் ஆனதன்று. பிளேடின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மரத் தகடுகளுக்கிடையே 0.35 மில்லிமீட்டருக்கு மிகாத இழைப் படலம் ஒட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெல்லிய படலம் பிளேடை விறைப்பாக்கிவிடுகிறது. மரம் மட்டுமே கொண்ட ஐந்தடுக்குப் பிளேடு பந்து படும்போது இலேசாக வளைந்து கொடுப்பதால், பந்து எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு அழுத்தமாகப் பட்டது என்பது கைக்குத் தெளிவாக வந்து சேரும். விறைப்பான பிளேடில் பந்து உடனே கிளம்பிவிடும். கைக்கு வரும் செய்தியும் மங்கலாகவே இருக்கும். கையை முழுமையாக வீசி அடிக்கப் பழகியவருக்கு இந்த வேகம் வரம்தான். பாதி வீச்சில் கையை நிறுத்துகிறவருக்கு அது தொல்லை. பந்து வெளியே போகிறது என்ற அச்சத்தில் அவர் வீச்சை இன்னும் சுருக்குவார், சில மாதங்களில் அந்தச் சுருங்கிய வீச்சே வழக்கமாகிவிடும். பந்து வெளியே போவதைக்கூட ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். சுருங்கிப்போன வீச்சை மீண்டும் விரிக்க ஓராண்டாகும். விலையுயர்ந்த மட்டை செய்யும் உண்மையான கேடு இதுவே என்பது என் கருத்து.

ரப்பருக்கு வருவோம். ஆவியாகும் கரைப்பான் கலந்த வேகப் பசையைப் போட்டியன்று ஸ்பாஞ்சில் தடவி, அதை உப்பச் செய்து, இழுத்துக் கட்டிய தோல்போல விறைப்பாக்கி ஆடும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. உடல்நலக் கேடு கருதி 2008-இல், பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு, அப்பசை தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த டெனர்ஜி போன்ற ரப்பர்கள், பசை தந்த அந்த இழுவிசையைத் தொழிற்சாலையிலேயே உள்ளடக்கி வருபவை. பசை தடவி ஆடிப் பழகிய தொழில்முறை வீரர்களின் கையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மெல்லத் தொட்டாலும் பந்தை உந்துவதும், எதிராளி ஏற்றிய சுழற்சியை உடனே வாங்கிக்கொள்வதும் அவற்றின் இயல்பு. செர்வை எடுக்கும்போது உங்கள் பந்து எகிறுவதற்குக் காரணம் அதுதான். எதிராளியின் சுழற்சியைக் கணிக்கும் கண் உங்களுக்கு இன்னும் முழுமையாக அமையவில்லை. கணிப்பு சற்றே தவறினாலும் அந்த ரப்பர் தவற்றை இரட்டிப்பாக்கிக் காட்டிவிடுகிறது.

ஆகவே, மரம் மட்டுமே கொண்ட ஐந்தடுக்குப் பிளேடு ஒன்றை வாங்குங்கள். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக், அல்லது சற்றே வேகம் வேண்டுமென்றால் யாசகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா போன்றவை போதும். ரப்பருக்கு 1960-களில் வந்து இன்றும் விற்பனையில் உள்ள யாசகா மார்க் ஃபைவ், பட்டர்ஃப்ளை ஸ்ரைவர் வகைகளில் ஒன்றை எடுங்கள். ஃபோர்ஹேண்ட் பக்கம் 2.0 மில்லிமீட்டர், பேக்ஹேண்ட் பக்கம் 1.8 இருந்தால் நல்லது. பிளேடு 85 கிராம் அளவில் இருந்தால் ரப்பர்கள் ஒட்டியபின் மொத்தம் 175 முதல் 180 கிராமுக்குள் அடங்கும். நாற்பதைத் தாண்டியவரின் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அதற்கு மேல் எடை வேண்டாம். இருபதாயிரம் ரூபாய் மட்டையை விற்றுவிட வேண்டியதில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தால் அது வேறொரு மட்டையாகத் தோன்றும்.

மட்டையை ஓராண்டு மாற்றக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பந்து வலையில் மோதும்போது அது கையின் பிழையா மட்டையின் இயல்பா என்று பிரித்தறிய, இரண்டில் ஒன்றாவது மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். கை தினமும் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே மட்டைதான் நிலையாக இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ரப்பரை மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் தன் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறார். புது ரப்பரில் முதல் பத்து நாள் எல்லாம் சரியாக அமைவதுபோலத் தோன்றும். புதுமையால் கவனம் கூடியிருப்பதே அதற்குக் காரணம். அந்தப் பத்து நாளை முன்னேற்றமென்று எண்ணி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் ஆண்டில் கண்ட முன்னேற்றம் பிறகு ஏன் நின்றது என்ற கேள்வியைத் தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் கடிதத்தில் அது ஒளிந்திருக்கிறது. மன்றத்தில் மாலை முழுவதும் அதே நான்கைந்து பேரோடு ஆட்டம் ஆட்டமாக ஆடிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அவர்களின் செர்வ் உங்களுக்கு மனப்பாடம், உங்களுடையது அவர்களுக்கு மனப்பாடம். பதினொரு புள்ளி ஆட்டம் தொடங்கிவிட்டால் எவரும் தெரியாததை முயன்று பார்ப்பதில்லை. தெரிந்ததையே பத்திரமாக ஆடுவார்கள். எனவே ஒன்றரை மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடத்துக்குப் புள்ளிக் கணக்கே வேண்டாம். பழைய பந்துகள் ஐம்பதைக் கூடையில் போட்டு, ஒருவர் தொடர்ந்து பந்தை அனுப்ப மற்றவர் ஒரே அடியை அடித்துப் பழகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். மன்றத்தில் ஆள் வரும்முன் பதினைந்து நிமிடம் தனியாக செர்வ் போட்டுப் பாருங்கள். மேசைப்பந்தில் துணையில்லாமல் பழகக்கூடிய ஒரே அடி அதுதான், அதைத்தான் பெரும்பாலானோர் பழகுவதே இல்லை. விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தை 16 சென்டிமீட்டராவது மேலே எறிந்து விதிப்படி போடுங்கள். மன்றத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று கையிலிருந்தே அடித்துப் பழகியவர் மாவட்டப் போட்டியில் நடுவர் கை தூக்கும்போது திகைத்துப்போவார்.

முன்னேற்றத்தை வெற்றி தோல்வியால் அளக்க வேண்டாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை இரண்டே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபோர்ஹேண்டில் தவறாமல் தொடர்ந்து எத்தனை பந்து போட முடிந்தது, எதிராளியின் இருபது செர்வில் எத்தனையைத் தாழ்வாகத் திருப்ப முடிந்தது. இரண்டாவது எண் ஏறத் தொடங்கும் நாளில், மட்டையைப் பற்றிய கவலை தானாகவே குறையும்.

கேள்வி: ரப்பர் உறையின் மேல் 1.8, 2.0, மேக்ஸ் என்றும், 39 டிகிரி, 47.5 டிகிரி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் ரப்பர் உயர்ந்தது என்று பொருளா?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: இல்லை. முதல் எண் ஸ்பாஞ்சின் தடிமன், மில்லிமீட்டரில். மேல்தோல், ஸ்பாஞ்ச், பசை மூன்றும் சேர்ந்து 4.0 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதியாதலால், அந்த எல்லைக்குள் எவ்வளவு தடிமன் வைக்க முடியுமோ அதை மேக்ஸ் என்கிறார்கள். தடித்த ஸ்பாஞ்ச் வலுவான அடிக்கு வேகத்தையும் சுழற்சியையும் கூட்டும். மெல்லியதில் பந்து விரைவில் மரத்தைத் தொட்டுவிடுவதால் அடி அடங்கி நிற்கும், எடையும் குறையும். இரண்டாவது எண் ஸ்பாஞ்சின் கடினத்தன்மை. சீனத் தயாரிப்பாளர்களின் அளவுகோல் வேறு, ஜெர்மன் அளவுகோல் வேறு, ஜப்பானியருடையது வேறு. ஆகவே டிஎச்எஸ் என்ற சீன நிறுவனத்தின் ஹரிக்கேன் 3 ரப்பரில் உள்ள 39 டிகிரி, ஜெர்மன் ஸ்பாஞ்சில் உள்ள 47.5 டிகிரியைவிட மென்மையானது என்று எண்ணி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்; பொதுவாக அது அதைவிடக் கடினமாகவே இருக்கும். ஒரே நிறுவனத்தின் ரப்பர்களுக்குள் மட்டும் இந்த எண்களை ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் பேக்ஹேண்டில் நீளப் பிம்பிள் ரப்பர் (மெல்லிய நீண்ட முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்) போட்டு ஆடுகிறார். நான் எவ்வளவு நன்றாக டாப் ஸ்பின் போட்டாலும், அடுத்த பந்தை வலையில் போட்டுத் தோற்கிறேன். இது ஆட்டத் திறமையே இல்லை, கருவியின் தந்திரம் என்று நினைக்கிறேன். இத்தகைய ரப்பரை ஏன் தடைசெய்யவில்லை?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தங்கள் மனக்குறை புதிதன்று, ஏறத்தாழ இந்த விளையாட்டின் வரலாறே அந்த மனக்குறைதான். 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஆடவர் ஒற்றையரில் வென்றார். அதுவரை எல்லோரும் குட்டைப் பிம்பிள் ரப்பரில் பந்து படும் ஓசையைக் கேட்டே அடியின் வலுவைக் கணித்துப் பழகியிருந்தார்கள்; சாத்தோவின் மட்டையில் ஓசையே எழவில்லை. அன்றும் தந்திரம் என்றுதான் சொன்னார்கள். 1959-இல் ஸ்பாஞ்சை மட்டும் தனியாக ஒட்டுவதைத் தடுத்து, அதன்மேல் ரப்பர் மேல்தோல் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். இரு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பர் ஒட்டி, கையில் மட்டையைப் புரட்டிப் புரட்டி எதிராளியைக் குழப்பும் வழக்கம் பின்னர் வந்தது. அதற்கு விடையாக 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்றாயிற்று. 2021 முதல் சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகின்றன; மறுபக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். பந்தைச் சிறிதும் பற்றாத வழுக்குப் பிம்பிள்களை 2008-இல் தடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் நீளப் பிம்பிள் முறையானது. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ராவின் பேக்ஹேண்டில் இருந்ததும் அதுவே. அவரைக் கருவியால் வென்றவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இனித் தங்கள் பந்து ஏன் வலையில் விழுகிறது என்று பார்ப்போம். டாப் ஸ்பின் போட்ட பந்து, தான் செல்லும் திசையில் உருண்டோடுவதுபோல முன்னோக்கிச் சுழன்று செல்கிறது. வழவழப்பான சாதாரண ரப்பர் அதைப் பற்றிப் பிடித்து, அந்தச் சுழற்சியை அழித்துத் தன் சுழற்சியை ஏற்றி அனுப்பும். நீளப் பிம்பிளின் முனைகளோ மடங்கி வழுக்கிவிடுகின்றன; பந்தின் போக்கு மட்டும் திரும்புகிறது, சுழற்சி பெரும்பாலும் அப்படியே நீடிக்கிறது. போக்குத் திரும்பிச் சுழற்சி திரும்பாததால், தங்களை நோக்கி வரும்போது அதே சுழற்சி பின்னோக்கிச் சுழலும் பேக் ஸ்பின்னாகிவிடுகிறது. அத்தகைய பந்து தங்கள் மட்டையில் பட்டதும் கீழ்நோக்கி இறங்கி வலையில் விழுகிறது. பெரியவர் தங்கள் மேல் எதையும் ஏவவில்லை. தாங்கள் அனுப்பியதைத்தான் திருப்பித் தருகிறார். எவ்வளவு வலுவாக டாப் ஸ்பின் போடுகிறீர்களோ அவ்வளவு கனமான பேக் ஸ்பின் வந்து சேரும்.

ஆகவே அவருடைய கையைப் பார்த்துக் கணிக்க முயலாமல், தாங்கள் கடைசியாக என்ன அனுப்பினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். டாப் ஸ்பின் அனுப்பியிருந்தால் அடுத்த பந்தை மட்டையின் முகத்தை மேல்நோக்கித் திறந்து புஷ் செய்யுங்கள் (பந்தின் அடியில் மெல்லத் தள்ளுங்கள்), அல்லது முழங்காலை மடக்கிக் கீழிருந்து மேலாகத் தூக்குங்கள். புஷ் அனுப்பியிருந்தால் திரும்பி வருவது சுழற்சியற்ற பந்தாகவோ மென்மையான டாப் ஸ்பின்னாகவோ இருக்கும். அதை மட்டையை முன்னோக்கிச் சாய்த்துத் தயங்காமல் அடிக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக இப்படி ஆடினால் நீளப் பிம்பிளைப்போலக் கணிக்க எளிதான ரப்பர் வேறில்லை. ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்ப்பது விதி தரும் உரிமை. எந்த நிறத்தில் பிம்பிள் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரிடம் வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் பயிற்சிக்கு வருமாறு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார், ஏனெனில் பிம்பிள் ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்ய யாரும் முன்வருவதில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆறு மாதமாகப் பயிற்சி பெறுகிறாள். சரத் கமல் வைத்திருப்பது போன்ற மட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: வேண்டாம். பத்து முறை தேசிய சாம்பியனான சரத் கமலின் மட்டைக்குப் பின்னால், தந்தையிடம் சிறு வயதில் தொடங்கிய பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. குழந்தைக்கு எடைதான் முதல் கேள்வி. எல்லாம் சேர்த்து 160 கிராமுக்கு மேல் போனால், மட்டையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் மணிக்கட்டைத் தொங்கவிட்டு ஆடுவாள். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பயிற்சியாளருக்குப் பெரும்பாடு. இலேசான ஆல்ரவுண்ட் பிளேடு, இரு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் ரப்பர், சின்னக் கைக்கு ஏற்ற மெல்லிய பிடி போதும். பிடி பெரிதாகத் தோன்றினால் அதைச் செதுக்க வேண்டாம், வேறு பிளேடைப் பாருங்கள். வாங்குமுன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவருக்குத் தெரியாமல் வாங்கிய மட்டை அவள் பையைவிட்டு வெளியே வராது. மிச்சப்படும் பணத்தில் அடிப்பாகம் வழுக்காத நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள். ரப்பர் நிறத்தை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், இப்போது நீலமும் ஊதாவும் கிடைக்கின்றன.

கேள்வி: கடற்கரையை ஒட்டிய ஊரில் ஆடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ரப்பரில் பந்து வழுக்குகிறது. புதிதாக ஒட்டிய ரப்பரும் ஓரங்களில் பெயர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: காற்றின் ஈரம் ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது, பந்து ரப்பரைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் சறுக்குகிறது. உலர்ந்த பருத்தித் துணி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விதி அனுமதிக்கும் ஒவ்வோர் ஆறு புள்ளிக்கும் ஒருமுறை மட்டையையும் பந்தையும் துடையுங்கள். அந்த மாதங்களில் பந்தை மெல்லச் சீவிச் சுழற்றும் அடிகளைக் குறைத்து, ஸ்பாஞ்சுக்குள் பந்து அமிழும்படி சற்றே நேராக அடிப்பது உதவும்.

இன்றைய நீர்ப்பசை பால்வெள்ளையாக இருக்கும். காய்ந்தால் கண்ணாடிபோலத் தெளியும். கோடையில் பத்து நிமிடத்தில் தெளிவது மழைக்காலத்தில் அரைமணி நேரமாகலாம். ஒருமுறை போட்டிக்கு முந்தைய நாள் இரவு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, வெள்ளை மறையுமுன்பே அவசரப்பட்டு ஒட்டினேன். மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் ரப்பரின் கீழ் ஓரம் அப்பளம்போல மடங்கி எழுந்தது. பிளேடிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லியதாகத் தடவி, இரண்டும் முழுதும் தெளிந்தபின், பிடியிலிருந்து தொடங்கி உருளையால் இழுக்காமல் அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டியபின் இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே ஓர் இரவு இருக்கட்டும். மட்டையை வண்டிப் பெட்டியிலோ காருக்குள்ளோ வெயிலில் விட்டுவிடாதீர்கள். ஈரத்தைவிட அந்தச் சூடு ரப்பரை விரைவில் கெடுக்கும்.

கேள்வி: ரப்பரின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? கடைக்காரர் ஆறு மாதம் என்கிறார்.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: மாதக் கணக்கு தினமும் ஆடுகிறவருக்கும் ஞாயிறு மட்டும் ஆடுகிறவருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ரப்பரை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பந்து அடிக்கடி படும் நடுப்பகுதி மங்கியும் ஓரம் மட்டும் பளபளத்தும் இருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு பந்தை நடுவிலும் ஓரத்திலும் விரலால் அழுத்தி உருட்டுங்கள். ஓரத்தில் பற்றிக்கொண்டு நடுவில் சறுக்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரேமாதிரி பற்றினால், கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.